துப்பாக்கியும் கேமராவும் – 9: மூன்றாவது கைக்கு எங்கே போவது?

போன வாரம் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஜார்ஜ் ஷைரஸ் இரவில் படகிலிருந்து ஃபிளாஷ் பொடி கொளுத்தி மான்களைப் படமெடுத்ததோடு நிறுத்தியிருந்தோம்.

தன் வேட்டையைத் தானே படமெடுக்கும் அமெரிக்க வில் வேட்டைக்காரர் எந்தக் கேமரா வாங்கலாம் என்பதுதான் இந்த வாரத்துக்குச் சொல்லி வைத்தது. ஆனால் குறுக்கே கார்ல் ஏக்லி வந்து நின்றுகொண்டு நகர மறுக்கிறார்.

ஏக்லி அருங்காட்சியகங்களுக்காக விலங்குகளைப் பாடம் செய்தவர். 1896-ல் சோமாலிலாந்தில் தன்மேல் பாய்ந்த சிறுத்தையை வெறுங்கையால் கொன்றவர். கையில் கட்டோடு, செத்த சிறுத்தை பக்கத்தில் தொங்க, அவர் நிற்கும் புகைப்படம் இன்றும் இருக்கிறது.

அப்பேர்ப்பட்டவரைக் கேமரா தோற்கடித்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் நந்தி இனத்தவர் ஈட்டியால் சிங்கத்தைக் குத்தும் காட்சியைப் படம்பிடிக்கப் போனார். அன்றைய கேமராவில் பிலிம் ஓட்ட ஒரு கைப்பிடி, பக்கவாட்டில் திருப்ப ஒன்று, மேலும் கீழும் சாய்க்க இன்னொன்று. மூன்றையும் சுழற்றி முடிக்கும்வரை சிங்கம் நிற்குமா?

ஊர் திரும்பியவர் தானே ஒரு கேமரா செய்து 1915-ல் காப்புரிமை வாங்கினார். வட்டமாக, தட்டையாக இருந்ததால் 'பான்கேக்' என்று பட்டப்பெயர். ஒரே கைப்பிடியால் எந்தப் பக்கமும் வழுக்கிக்கொண்டு திரும்பும். ஜோடி லென்ஸ்: ஒன்று பிலிமுக்கு, மற்றது பார்ப்பவருக்கு. கேமரா எப்படிச் சாய்ந்தாலும் கண் வைக்கும் குழாய் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்! ராபர்ட் ஃபிளாஹர்ட்டி 'நானூக் ஆஃப் த நார்த்' (1922) ஆவணப்படத்தை எடுத்தது இந்தக் கேமராவில்தான். 1921-ல் ஏக்லி இதைக் கொண்டு மலைக் கொரில்லாக்களைப் படம்பிடித்தார். அதே பயணத்தில் அருங்காட்சியகத்துக்காகச் சில கொரில்லாக்களைச் சுட்டார். பிறகு அவற்றுக்குச் சரணாலயம் வேண்டும் என்று வாதாடியவரும் அவரே. 1925-ல் பெல்ஜியக் காங்கோவில் ஆல்பர்ட் தேசியப் பூங்கா உருவானது.

சரி, ஏக்லிக்கு இருந்த அதே கைத் தட்டுப்பாடுதான் நம் வில் வேட்டைக்காரருக்கும்; கடைக்குப் போவோம். மரத்துப் பரணில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு வில்லை இழுக்கவே இரண்டு கையும் போய்விடும். தலையில் மாட்டும் கோப்ரோ என்ற குட்டிக் கேமரா கையைக் கேட்காது. ஆனால் அதன் அகன்ற பார்வையில் 30 கெஜத்தில் நிற்கும் மான் வெறும் புள்ளி. ஆகவே மரத்தில் பூட்டிவைக்கும், ஜூம் உள்ள வீடியோ கேமராதான் சரி.

சோனியின் பழைய மாடல்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஏஎக்ஸ்53-ல் 20 மடங்கு ஜூம். ஏஎக்ஸ்100-ல் 12 மடங்குதான், ஆனால் சென்சார் 1 அங்குலம். மான் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். பல மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே வேட்டை நேரம் தொடங்கிவிடும். அந்த மங்கலில் பெரிய சென்சாருக்கே ஓட்டு.

இன்னொன்று: முன்னால் ஒரு சுள்ளி நீட்டிக்கொண்டிருந்தால் ஆட்டோ ஃபோகஸ் அதைப் பிடித்துக்கொண்டு மானைக் கலங்கலாக்கிவிடும். கையால் திருப்பி ஃபோகஸ் செய்ய வளையம் இல்லாத கேமராவைத் தொடவே வேண்டாம்.

மரத்தில் பூட்டும் கேமரா தாங்கியும் மைக்கும் அடுத்த வாரம். அதுவரை நம்மூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் மான் வேட்டை குற்றம். கேமரா வாங்கினால் பறவைகளைப் படமெடுக்கப் போங்கள்.