அச்செழுத்தும் அதன் பெயரும்

அச்செழுத்தை ஆக்குவோன் ஒவ்வோரெழுத்தையும் ஏனையவற்றோடு இயையுமாறு வரைதல் வேண்டும். தமிழெழுத்துகள் 247 ஆயினும் அத்தனையையும் தனித்தனியே வரைய வேண்டுவதில்லை. கா, கெ, கை என்பவற்றின் குறிகளை ஒருமுறை வரைந்து ஏனைய உயிர்மெய்களுக்கும் கூட்டலாம். கு, டு, மு முதலியனவோ வெவ்வேறு வடிவின. தொழிலறிவு சோதிக்கப்படுவது இங்கேயாம்.

1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியபோது, அதன் முகப்பிலே போர்த்துக்கேயர் நம் மொழியை ‘மலவார்த் தமிழ்’ எனக் குறித்தனர். பின்னர்ச் செர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த எழுத்துகள் பெரியனவாய்க் கடதாசியை மிக விழுங்கினமையாற் பொறையாற்றிலே சிறியன வார்க்கப்பட்டன. 1849இல் நாவலர் பெருமான் வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவி, ‘வித்தியாநுபாலன யந்திரசாலை’ எனப் பெயர் சூட்டினார். அச்சுத்தொழிலிற் பெயரிடும் உரிமை இவ்வாறு நம்மவர் கைக்கும் வந்தது.

இன்று கணினியில் அவ்வுரிமை எழுத்தை வரைவோனுடையது. மலேசியாவின் முத்து நெடுமாறன் தாம் வரைந்த எழுத்துருவொன்றிற்கு ‘இணைமதி’ எனப் பெயரிட்டார். அவரது ‘தமிழ் சங்கம் எம்.என்.’ என்பதில் அவர் பெயரின் முதலெழுத்துகளே நிற்கின்றன.

ஆயினும் எழுத்துருவை நம்பியே எழுதுதல் தீதாம். நம் நாட்டிற் பெருவழக்கான ‘பாமினி’யில் எழுதிய கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் குவியலாய்த் தோன்றும். ஒருங்குறியிலோ எழுத்துரு மாறினும் தமிழ் மாறாது. போரிலே ஏடுகளை இழந்த வன்னி மண்ணுக்கு இஃது அற்பச் செய்தியன்று.

மாணவர்காள்! ககரத்தில் தொடங்குங்கள், ஒருங்குறியில் அமையுங்கள். உங்கள் முதல் எழுத்துருவிற்குப் ‘பரந்தன்’ என்னும் பெயர் பொருந்தாதோ?