பிள்ளைக்குப் புதுப் பெயர் தேடும் பெற்றோருக்கு

வெஸ்ட்மீட் வைத்தியசாலையில் பிள்ளை பிறந்த செய்தி யாழ்ப்பாணத்துக்கோ திருச்சிக்கோ எட்டியவுடன் அங்கிருந்து வரும் முதற் கேள்வி, "தாயும் பிள்ளையும் சுகமா?" என்பது. அடுத்தது, "என்ன நட்சத்திரம்?" என்பது. மூன்றாவது கேள்வி பெயரைப் பற்றியது. அதற்கு விடை காணத்தான் நார்த்மீட் வீடுகளில் வாரக்கணக்காக ஆராய்ச்சி நடக்கிறது. நிபந்தனைகள் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றே. பெயர் சிறியதாக இருக்க வேண்டும். நட்சத்திர எழுத்தில் தொடங்க வேண்டும். எண் பொருந்த வேண்டும். இந்நாட்டு ஆசிரியையின் வாயில் நுழைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை எதற்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும். இத்தனை வேலிகளுக்கும் நடுவே கடைசியில் அகப்படுவது, பெரும்பாலும், எந்த அகராதியிலும் இல்லாத ஒரு சத்தம்.

புதுப் பெயர் ஆக்குவது தமிழருக்குப் புதிய பழக்கமன்று. 19ஆம் நூற்றாண்டில் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் நடத்திய கல்விச்சாலையில், பணம் உதவிய அமெரிக்கக் கனவான்களின் பெயர்கள் மாணவருக்குச் சூட்டப்பட்டன. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்ற அறிஞர் பெயர்கள் அப்படி அமைந்தவையே. வேதாசலம் என்ற பெயரை உடைத்து, வேதத்தை மறையாக்கி, அசலத்தை மலையாக்கி, 1916இல் மறைமலை என்று ஆக்கிக்கொண்டார் மறைமலை அடிகள். அவருக்கு முன்னரே சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற்கலைஞர் ஆகியிருந்தார். 1953 மார்ச் 1ஆந் திகதி பிறந்த தம் மகனுக்கு மு. கருணாநிதி இட்ட பெயர், நான்கு நாள் கழித்து மறைந்த சோவியத் தலைவருடையது. அந்த ஸ்டாலின் 2021இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். விநோதப் பெயர்கள் எல்லாம் ஆசையால் இட்டவை என்றும் சொல்ல முடியாது. பிள்ளைகள் தொடர்ந்து இறந்துபோன வீட்டில் அடுத்த பிள்ளையைக் காலன் கண்ணிலிருந்து மறைக்கக் குப்பை என்றும் பிச்சை என்றும் பெயரிட்டார்கள். பெண்பிள்ளை இனிப் போதும் என்று 'போதும்பொண்ணு' என வைத்தவர்களும் உண்டு. ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும், நல்லதோ கெட்டதோ, ஒரு பொருள் இருந்தது. பெயர் வைத்தவரைக் கேட்டால் சொல்வார். இன்றைய புதுப் பெயர்களிற் பலவற்றுக்கு இல்லாதது அதுதான்.

இதற்கு முதற் காரணம் பஞ்சாங்கம். 27 நட்சத்திரங்களுக்கும் பாதத்துக்கு ஒன்றாக 108 எழுத்துக்கள் வகுத்திருக்கிறார்கள். மகத்திற் பிறந்த பிள்ளைக்குக் கவலை இல்லை. ம, மி, மு, மெ என்பவற்றில் எத்தனை பெயர் வேண்டும்! கார்த்திகைக்கும் அப்படியே: அ, இ, உ, எ. ஆயிலியத்திற் பிறந்த பிள்ளையின் பாடுதான் திண்டாட்டம். அதற்குரியவை டி, டு, டே, டோ. திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கோ ங. டகரத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பது தொல்காப்பியம் சொல்லும் இலக்கணம். வடமொழியிலும் அவ்வெழுத்துக்களில் தொடங்கும் நல்ல பெயர்கள் அரிது. ஆகவே திலகன் என்று வந்திருக்க வேண்டியது டிலக்சன் ஆகிறது. டிலானி, டினுஷா என்றெல்லாம் பெயர்கள் முளைக்கின்றன. நட்சத்திர எழுத்து இருக்கிறது, சத்தமும் புதிது, பொருள் மட்டும் இல்லை.

சாஸ்திரத்தை மீற மனமில்லாதவர்களுக்குச் சாஸ்திரத்திலேயே வழி இருக்கிறது. பழைய கிருஹ்ய சூத்திரங்கள் பிள்ளைக்கு இரண்டு பெயர்களைப் பேசுகின்றன: நட்சத்திரத்தை ஒட்டிய பெயர் ஒன்று, ஊர் அழைக்கும் பெயர் ஒன்று. நட்சத்திர எழுத்துப் பெயரைப் பிள்ளையின் காதில் ஓதிச் சாதகத்தில் எழுதி வைத்துவிட்டு, அழைக்கும் பெயரைப் பொருள் பார்த்து வைத்தால் எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்ளாது.

எண் சாத்திரத்தின் கதை இதைவிட வேடிக்கை. இங்கு பலர் கையாளும் கணக்கு, கீரோ என்ற புனைபெயருடன் அயர்லாந்திலிருந்து புறப்பட்ட ஒரு கைரேகைக்காரர் (1866-1936) பரப்பியது. ஆங்கில எழுத்துக்களில் ஏ, ஐ, ஜே, கியூ, வை என்பவற்றுக்கு 1. ஈ, எச், என், எக்ஸ் என்பவற்றுக்கு 5. 9 என்ற எண் எந்த எழுத்துக்கும் இல்லை. எண்ணப்படுவது ஆங்கில எழுத்து மட்டுமே. அம்மம்மா பிள்ளையை எப்படிக் கூப்பிடுகிறார் என்பது இந்தக் கணக்கில் வராது. கூட்டுத்தொகை சரியாவதற்காக நடுவில் ஓர் 'ஏ' இரட்டிக்கும், கடைசியில் ஓர் 'எச்' ஒட்டிக்கொள்ளும். பின்னர் வகுப்பில் இடாப்புக் கூப்பிடும் ஆசிரியை அந்த எழுத்துக்களை ஒன்று விடாமல் உச்சரிக்க முயல்வார். அதிர்ஷ்டம் வருகிறதோ இல்லையோ, சிரிப்பு வந்துவிடும்.

பாடசாலை முற்றத்தையும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். ஹர்ஷித் என்ற அழகான பெயரை ஆங்கிலத்தில் இறுதி 'எச்' இல்லாமல் எழுதினால், கடைசி நான்கு எழுத்துக்கள் சபையிற் சொல்லக் கூடாத சொல்லாகிவிடும். அந்த இடத்தில் எச் எழுத்து எண்ணுக்காக அல்ல, மானத்துக்காக வேண்டியிருக்கிறது. பூரணி, பூங்கொடி என்பவற்றின் முதலெழுத்தைக் கேட்டு இந்நாட்டுச் சிறுவர் ஏன் சிரிக்கிறார்கள் என்பது பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். யாழினியை 'யாசினி' என்றுதான் அழைப்பார்கள். ஆயினும் இது பொறுத்துக்கொள்ளக் கூடியது. திருத்திச் சொல்லப் பிள்ளைக்குப் பழக்கலாம். ழகரத்துக்குப் பயந்து யாழையே விட்டுவிடுவது நியாயமில்லை.

அரசாங்கம் தடுக்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். நியூ சவுத் வேல்ஸ் பிறப்புப் பதிவகம் ஆபாசமான பெயரையும், அளவுக்கு மீறி நீண்ட பெயரையும், ஒலியில்லாத குறிகளையும் மறுக்கலாம். பொருளற்ற பெயரை மறுக்காது. 2023இல் ஏ.பி.சி. தொலைக்காட்சிப் பத்திரிகையாளர் ஒருவர், பதிவகம் எதைத்தான் மறுக்கும் என்று சோதிக்க, தம் கைக்குழந்தைக்கு 'மெத்தம்பெட்டமின் ரூல்ஸ்' என்று விண்ணப்பித்தார். அது தடைசெய்யப்பட்ட ஒரு போதைப்பொருளைப் புகழும் தொடர். மறுப்பார்கள் என்று இருந்தவருக்குப் பதிவுப் பத்திரமே வந்துவிட்டது! நடைமுறையை இறுக்கிவிட்டதாகப் பதிவகம் பின்னர் அறிவித்தது.

அப்படியானால் புதிதாகவும் சிறிதாகவும் பொருளோடும் ஒரு பெயருக்கு எங்கே போவது? கோயிலுக்குப் போகலாம். சிவன், விஷ்ணு, முருகன் பெயர்களின் ஆயிரம் வடிவங்களை எல்லாரும் புரட்டிவிட்டார்கள். தமிழ்த் தலங்களில் வீற்றிருக்கும் அம்பாளின் பெயர்களை அவ்வளவாகப் புரட்டவில்லை. வேதாரணியத்தில் அம்பாள் யாழைப்பழித்த மொழியாள். மதுரையில் அங்கயற்கண்ணி. திருவொற்றியூரில் வடிவுடையாள். திருவாலங்காட்டில் வண்டார்குழலி. புள்ளிருக்குவேளூரில் தையல்நாயகி. திருகோணமலையில் மாதுமையாள். இவற்றை முழுமையாக வைத்தால் பத்திரத்தின் பெட்டிக்குள் அடங்காது என்பது உண்மைதான். ஆனால் ஒரு துண்டு போதும். மாதுமை, கயல், குழலி, யாழ்மொழி, வடிவு: எவ்வளவு சிறியவை! மாதுமை என்று பெயருள்ள சிறுமியிடம் அதன் பொருளைக் கேட்டால், கோணமலையில் கடலைப் பார்த்திருக்கும் கோயிலையும் அங்கே இருக்கும் உமையையும் பற்றி அவள் வகுப்பு முழுவதற்கும் சொல்லலாம். இது ஆக்கிய பெயர்தான், ஆனால் ஆக்குவதற்கு எடுத்த மண் நம்முடையது.

ஆண்பிள்ளைக்கு இன்னும் பழையதொன்று உண்டு. மதுரைக்கு அண்மையிலுள்ள கீழடியில் தோண்டி எடுத்த பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் ஆதன், குவிரன் என்ற பெயர்கள் கீறப்பட்டிருந்தன. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட நூலில் இவற்றைக் காணலாம். ஆதன் என்பது சேர மன்னரும் தாங்கிய பெயர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இப்பெயர் ஆங்கிலக் காதுக்கு ஈதன், ஏய்டன் என்பவற்றின் தம்பி போல ஒலிக்கிறது. சேயோன், குகன், வேலன் என்பவையும் அளவிற் சிறியவையே.

குடும்பப் பெயரையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது நல்லது. தந்தையின் பெயரே இங்கு குடும்பப் பெயராகிப் பேரப்பிள்ளைகள் வரை தொடர்கிறது. பின்னால் பாலசுப்பிரமணியம் நிற்குமானால் முன்னால் நிற்பது இரண்டு மூன்று எழுத்தில் முடிவதே பிள்ளைக்கு உபகாரம். சட்டப்படி பதிவுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. 31ஆம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் சூட்டிய பிறகும் ஏறக்குறைய ஒரு மாதம் கையில் இருக்கும். வைத்தியசாலைக் கட்டிலிலேயே பத்திரத்தை நிரப்ப அவசரம் இல்லை.

பிறப்புப் பத்திரத்தில் ஆங்கில எழுத்து மட்டுமே ஏறும். தமிழ் வடிவத்தை வீட்டில் யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு முதன்முறை வரும் பிள்ளையிடம் ஆசிரியை பெயரை எழுதச் சொல்லும்போது, தகரமா டகரமா, நகரமா னகரமா, லகரமா ளகரமா என்று பிள்ளை தாயைத் திரும்பிப் பார்க்கிறது. தாய் தகப்பனைப் பார்க்கிறார். சாதகக் குறிப்பின் தலைப்பிலோ வீட்டிலுள்ள தேவாரப் புத்தகத்தின் முதற் பக்கத்திலோ, பெயரைத் தமிழில் எழுதி, அதன் கீழே அதன் பொருளையும் எழுதி வைக்க ஐந்து நிமிடம் போதும்.