பாசி தரும் நீலம்

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்கத்து மாதர் பிரிவினர் மயிற்கழுத்து நிறத்தில் பால்கோவா செய்து வைத்திருந்தனர். கண்ட மாத்திரத்தில் குழந்தைகள் ஓடி வந்தனர். பெற்றோரோ கையை நீட்டத் தயங்கினர். "இது என்ன சாயம், அம்மா?" என்று கேளாதவர் அன்று ஒருவருமில்லை.

அத் தயக்கம் ஆதாரமற்றதன்று. துணிக்கு ஏற்றும் ரோடமின்-பி என்னும் சாயம் பஞ்சு மிட்டாயில் கலந்திருக்கக் கண்டு, 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அம் மிட்டாயின் விற்பனையையே தடை செய்ததை அன்பர்கள் அறிவர்.

பால்கோவாவுக்கு நிறம் கொடுத்ததோ ஸ்பைருலினா. பாசி என்றதும் படித்துறையில் வழுக்கும் பச்சைதான் நம் நினைவுக்கு வரும், முகஞ்சுளிப்போரும் உண்டு. ஆயினும் மெக்ஸிகோவின் டெக்ஸ்கோகோ ஏரிக்கரையில் அஸ்டெக் மக்கள் இதனை அள்ளி உலர்த்தி உண்டனர். ஆப்பிரிக்காவில் சாட் ஏரிப் பக்கத்துப் பெண்டிர் இன்றும் அடையாகக் காய வைக்கின்றனர். நம் புதுக்கோட்டைச் சீமையிலே, ஊனையூரில், இதற்கெனப் பெரும் பண்ணை ஒன்று உண்டு.

பச்சைப் பாசியில் நீலம் எங்ஙனம் வந்தது? உலர்ந்த பாசியை நீரில் ஊற வைத்தால், அதிலுள்ள பைகோசயனின் என்னும் நீலப் புரதம் நீரில் கரைந்து வெளிவரும். பச்சையம் நீரில் கரையாதாதலின் சக்கையோடு தங்கிவிடும். நீலநீரை வடித்து உலர்த்தினால் பொடி கிடைக்கும். புரதமாகையால் இது சூட்டைத் தாங்காது. எலுமிச்சைப் புளிப்பையும் தாங்காது. நம் மாதர்கள் முதல்முறை கொதிக்கும் பாலிலே போட்டு, நீலம் மங்கிப் போகக் கண்டு திகைத்தனராம். பிறகே ஆற வைத்துக் கலக்கும் உபாயம் தெரிந்தது. (சங்குப்பூ நீலத்தின் குணம் வேறு, அது புளிப்புப் பட்டால் ஊதாவாகும்.)

உப்பளங்களைச் செந்நிறமாக்கும் டுனாலியெல்லா என்ற பாசியிலிருந்தும் பீட்டா கரோட்டின் என்னும் மஞ்சள் நிறம் எடுக்கிறார்கள்.

இனி, உண்ணலாமா என்னும் கேள்வி. அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் 2013-ல் மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் ஸ்பைருலினாச் சாற்றை அனுமதித்து, பின்னர் பிற பண்டங்களுக்கும் விரித்தது. உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு 2018-ல் ஆராய்ந்து, நாள் அளவுக்கு எண் வரம்பு குறிக்க வேண்டுவதில்லை எனத் தீர்த்தது. இத் தீர்ப்பு, முறைப்படி எடுத்த சாற்றுக்கே உரியது. சந்தையில் சில்லறையாக அளந்து கொடுக்கும் பொடிக்கு அன்று. காவலற்ற குட்டையில் வேறு நீலப்பச்சைப் பாசிகள் கலந்தால், கல்லீரலைக் கெடுக்கும் மைக்ரோசிஸ்டின் என்னும் நஞ்சு சேரக்கூடும். அது கண்ணுக்குத் தெரியாது, காய்ச்சினாலும் அழியாது. நீர் அசுத்தமாயின் ஈயமும் ஆர்சனிக்கும் ஏறும். ஆகவே, சோதனை செய்து முத்திரையிட்ட, தயாரிப்பாளர் பெயர் பொறித்த பொட்டலத்தையே வாங்குக என்பது எம் கருத்து. பீனைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் குறையுள்ள குழந்தைகள், இது புரதமாதலால், மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது.

அன்று மாதர் பிரிவுத் தலைவியார் பொட்டலத்தையே எடுத்து வந்து அனைவருக்கும் காட்டினார். தட்டு அரை மணியில் காலியாயிற்று. சன்னலோரம் மறந்து வைத்த இரு துண்டுகள் மட்டும், மறுநாள் வெயில் பட்டு வெளுத்துக் கிடந்தன.