வளையும் இழைதான் தோலைக் காக்கிறது

நம் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் ஒரு சட்டகம் உண்டு, தெரியுமா? அது மூன்று வகைப் புரத இழைகளால் ஆனது.

மூன்றிலும் விறைப்பானது நுண்குழல். மூங்கிலைப் போல் உள்ளே வெற்றிடம் கொண்ட இதன் குறுக்களவு சுமார் 25 நானோமீட்டர். அடுத்தது ஆக்டின் இழை. தடிப்பு சுமார் 7 நானோமீட்டர்தான்.

நீரில் மிதக்கும் இழைகள் வெப்பத்தால் தாமாகவே நெளியும். அந்த நெளிவை அமெரிக்க ஆய்வாளர்கள் நுண்ணோக்கி வழியே அளந்து, 1993இல் முடிவை வெளியிட்டனர். வளைப்பதற்கு ஆக்டினைவிட நுண்குழல் சுமார் 300 மடங்கு கடினம்! ஏன்? குழலில் புரதம் நடுவில் குவியாமல், விளிம்பில் வட்டமாக அடுக்கப்பட்டுள்ளது. மையத்தைவிட்டு விலகியிருக்கும் பொருளே வளைவை அதிகம் எதிர்க்கும்.

மூன்றாவது, இடைநிலை இழை. மூன்றிலும் எளிதாக வளைவது இதுவே. ஆனால் இழுத்தால் சட்டென அறுந்துவிடாது. இரு மடங்குக்கு மேலும் நீளும். தோலில் உள்ள கெரட்டின் இந்த வகையைச் சேர்ந்தது. சிலருக்குக் கெரட்டின் மரபணுவில் பிறவியிலேயே பிழை இருக்கும். அவர்களுக்கு லேசாக உரசினாலே தோலில் கொப்புளம் எழும்.

கனமான புத்தகப்பையின் வார் தோளில் உரசியும் உங்கள் தோல் பிரியாமல் இருக்கிறதா? அதற்கு இந்த வளையும் இழைக்கு நன்றி சொல்லுங்கள்!