ஆல்பம் விற்காத காலத்தில் ராக் இசைக்குழுவை எப்படி விற்கிறார்கள்?

திருப்பதியில் பாட்டு கேட்காத தெரு இல்லை. பாட்டு விற்கும் கடையைத் தேடினால்தான் கண்ணில் படாது. கோவிந்தராஜ சுவாமி கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் பெருமாள் படம், கயிறு, மரப்பொம்மை, பித்தளை விளக்கு எல்லாம் அப்படியே இருக்கின்றன. கேசட்டும் சி.டி.யும் அடுக்கியிருந்த அலமாரிகளைக் கைபேசி உறைகளும் சார்ஜர்களும் பிடித்துக்கொண்டன. பிளக்கில் மாட்டினால் நாள் முழுக்க நாமம் சொல்லிக்கொண்டிருக்கும் கைக்கடக்கமான பெட்டிக்கு மட்டும் இன்னும் ஆள் வருகிறது.

பக்திப் பாட்டுக்கே இதுதான் நிலை. அப்படியானால் திருப்பதியிலோ சித்தூரிலோ கல்லூரி முடித்த கையோடு கிடாரும் டிரம்ஸுமாக இசைக்குழு தொடங்கும் நான்கு பேர் எதை விற்பார்கள்? அவர்களை ஒரு ரெகார்டு கம்பெனி எடுத்துக்கொண்டால் அந்தக் கம்பெனிக்கு எதில் லாபம்? இது தெரியாமலே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய கணக்கு எளிமையானது. கம்பெனி முன்பணம் கொடுக்கும். குழு ஸ்டூடியோவுக்குப் போய் எட்டுப் பத்துப் பாட்டு பதிவு செய்யும். வானொலி, டி.வி., பத்திரிகைப் பேட்டி, ஊர் ஊராகக் கச்சேரி என்று எல்லாமே அந்த ஆல்பத்தை விற்பதற்கான விளம்பரம். கச்சேரியில் கையைக் கடித்தாலும் கேசட்டில் வந்துவிடும். இன்று அது தலைகீழாகிவிட்டது. பாட்டுதான் விளம்பரம், கச்சேரிதான் சரக்கு. உலக அளவில் ஒலிப்பதிவு இசையின் வருமானம் 1999-ஐ ஒட்டி உச்சம் தொட்டு, பிறகு ஏறத்தாழ 15 ஆண்டுகள் சரிந்தது. அதைத் தூக்கி நிறுத்தியது ஸ்ட்ரீமிங். 2024-ல் உலக ஒலிப்பதிவுத் தொழிலின் வருமானம் 29.6 பில்லியன் டாலர். அதில் 69 சதவீதம் ஸ்ட்ரீமிங் மூலம் வந்தது. தொழில் பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்தப் பணம் கோடிக்கணக்கான பாட்டுகளுக்கு நடுவே பங்காகிறது. இந்தியாவில் பெரும்பாலானோர் சந்தா கட்டாமல் விளம்பரத்தோடுதான் கேட்கிறார்கள் என்பதால், ஒரு தடவை கேட்பதற்குக் கிடைக்கும் காசு இங்கே இன்னும் சொற்பம்.

பாட்டை விளம்பரமாகவும் வேறொன்றைச் சரக்காகவும் வைக்கும் வழியைத் திருப்பதி பல பத்தாண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் எச்.எம்.வி. இசைத்தட்டாக 1963-ல் வந்தது. அதன் ராயல்டி திருமலை வேதபாடசாலைக்குப் போகும்படி எம்.எஸ். ஏற்பாடு செய்தார். 1970-களின் இறுதியில் எம்.எஸ். குடும்பம் பண நெருக்கடியில் இருந்தது. அப்போது திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாக அதிகாரியாக இருந்த பி.வி.ஆர்.கே. பிரசாத், அவரை அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளைப் பாடவைக்க முயற்சி எடுத்தார். ஐந்து இசைத்தட்டுகளாக வெளிவந்த ‘பாலாஜி பஞ்சரத்னமாலா’ அப்படிப் பிறந்தது. தேவஸ்தானம் அன்னமாச்சாரியா திட்டத்தைத் தொடங்கியதும் அதே காலம்தான், 1978.

இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தேவஸ்தானத்துக்கு இசைத்தட்டில் லாபம் பார்ப்பது நோக்கமே இல்லை. கோயிலுக்குள் செப்பேடுகளில் கிடந்த 15-ஆம் நூற்றாண்டுக் கவியின் பாட்டு வீட்டுக்கு வீடு போக வேண்டும், அவ்வளவுதான். செலவை ஏற்க ஒரு புரவலர், ஊருக்குக் கொண்டுபோக ஒரு கம்பெனி, நம்பிக்கைக்கு ஒரு குரல். பின்னாளில் ஜி. பாலகிருஷ்ண பிரசாத் 600-க்கும் மேற்பட்ட அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளுக்கு மெட்டமைத்து இந்தத் திருப்பதியிலிருந்தபடியே புகழ்பெற்றதும் இதே பாதையில்தான். 2008-ல் தேவஸ்தானத்தின் எஸ்.வி.பி.சி. டி.வி. தொடங்கியபோது அந்தப் பாட்டுக்கு இன்னொரு வாசல் திறந்தது. கேசட் கடை மூடியதால் அந்தப் பாட்டு அழியவில்லை. கேசட் விற்பனையை மட்டும் அது நம்பியிருக்கவில்லை.

ராக் இசைக்குழுவுக்குப் பெருமாளும் இல்லை, தேவஸ்தானமும் இல்லை. போதாக்குறைக்கு, நம் ஊரில் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு. லேபிள்கள், அதாவது ரெகார்டு கம்பெனிகள், படத்தின் பாட்டு உரிமையை வாங்கினால் நடிகரின் ரசிகர்களும் டீசரும் டிரெய்லரும் இலவசமாகக் கூடவே வந்துவிடும். குழுவுக்கு அது கிடையாது. அதனால்தான் குழுக்கள் தங்களுக்கென்று புரவலரைத் தேடுகின்றன. பா. இரஞ்சித்தின் நீலம் அமைப்போடு மெட்ராஸ் ரெக்கார்ட்ஸின் இசைக்கலைஞர் டென்மா சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியபோது, அதற்குப் பின்னால் ஓர் அரசியலும் ஓர் இயக்குநரின் பெயரும் இருந்தன. திங்க் மியூசிக் போன்ற சினிமா லேபிள்கள் தனியிசைக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கின்றன. கோக் ஸ்டூடியோ தமிழ் வந்தபோது செலவைக் குளிர்பான நிறுவனம் ஏற்றுக்கொண்டது. தேவஸ்தானம் நின்ற இடத்தில் இப்போது பிராண்டு நிற்கிறது.

பாட்டுக்கு விலையே வைக்காமல் துணிந்தவர்களும் உண்டு. டில்லியின் ‘இந்தியன் ஓஷன்’ குழு 2010-ல் ‘16/330 கஜூர் ரோடு’ ஆல்பத்தை மாதம் ஒரு பாட்டாக இணையத்தில் இலவசமாகவே கொடுத்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழு, இஷ்டப்பட்ட விலையைக் கொடுத்து ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தது. ஆனால் இரண்டு குழுக்களுக்கும் அதற்கு முன்பே மேடையில் பல ஆண்டுப் பெயர் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. பெயரே இல்லாத குழு பாட்டை இலவசமாகக் கொடுத்தால் அது கோடியில் ஒன்றாகப் போய்விடும்.

சரி, லேபிள் இன்று என்னதான் செய்கிறது? முதலில் ஆல்பத்தை உடைக்கிறது. பத்துப் பாட்டை ஒரே நாளில் விட்டால் ஒரு வாரத்தில் பேச்சு அடங்கிவிடும். அதையே சிங்கிள் சிங்கிளாக, சில வார இடைவெளி விட்டு வெளியிட்டால் ஒவ்வொரு முறையும் புதுசாக ஏதோ வந்தது போலிருக்கும். பாட்டு வருவதற்கு முன்பே அதன் 15, 20 நொடித் துண்டு ரீல்ஸுக்குப் போய்விடும். அந்தத் துண்டுக்கு ஆட ஒரு ஆளும், வண்டி ஓட்டியபடி வாயசைக்க ஒரு ஆளும் பேசி வைத்திருப்பார்கள். பாட்டு வெளியாகக் குறைந்தது ஒரு வாரம் இருக்கும்போதே ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் குழுவுக்கு அனுப்பியாக வேண்டும். 30 நொடி கேட்டால்தான் அங்கே ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. ஆகவே முன்னிசையைக் குறைத்து, குரலையோ பிடிக்கிற மெட்டையோ முன்னால் கொண்டுவரச் சொல்வார்கள். இரண்டு நிமிடம் கிடார் மட்டுமே பேசிவிட்டுப் பிறகு பாட்டுக்குள் நுழைவது ராக் இசையின் பெரிய சுகங்களில் ஒன்று. அது முதல் வெட்டிலேயே போய்விடுகிறது. இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. சில தளங்களில் குறைந்த ராயல்டிக்கு ஒத்துக்கொண்டால் பாட்டு பலருக்குப் பரிந்துரைக்கப்படும். ஸ்பாட்டிஃபையின் ‘டிஸ்கவரி மோடு’ அப்படிப்பட்டது. அதே ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், 12 மாதத்தில் 1,000 தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டியே கிடையாது. புதுக் குழுவுக்கு இந்த வரம்பைத் தாண்டுவதே முதல் தேர்வு.

பணம் எப்படிப் போகிறது என்று ஒரு கணக்கில் பார்ப்போம். உதாரணத்துக்குத்தான். லேபிள் வீடியோவுக்கு 3 லட்சம், விளம்பரத்துக்கு 2 லட்சம், ஆக 5 லட்சம் செலவழிக்கிறது. வருமானத்தில் குழுவின் பங்கு 20 சதவீதம் என்று ஒப்பந்தம். பாட்டு 10 லட்சம் சம்பாதிக்கிறது. குழுவின் பங்கு 2 லட்சம். ஆனால் லேபிள் செலவழித்த 5 லட்சமும் குழு திருப்பிக் கட்ட வேண்டிய கடனாகவே எழுதப்பட்டிருக்கும். அந்த 2 லட்சம் கடனில் கழிந்துபோகும். குழு கையில் ஒரு ரூபாயும் வராது. இன்னும் 3 லட்சம் பாக்கி நிற்கும். லேபிளோ 10 லட்சம் வாங்கி, 5 லட்சம் செலவு போக லாபத்தில் இருக்கும். இதில் மோசடி ஏதும் இல்லை, எல்லாம் தாளில் இருக்கிறது. ஆனால் “கம்பெனி நமக்காக 5 லட்சம் செலவழித்தது” என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லும் பிள்ளைகளுக்கு, அது தங்கள் பணம் என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

பாட்டு விற்காததால் லேபிள்கள் கச்சேரியிலும் டி-சர்ட்டிலும் விளம்பர ஒப்பந்தத்திலும் பங்கு கேட்கத் தொடங்கின. 2002-ல் பாடகர் ராபி வில்லியம்ஸோடு ஈ.எம்.ஐ. லேபிள் போட்ட ஒப்பந்தம் இதற்குப் பேர்போன முன்னோடி. இங்கே, நூறாண்டு கடந்த பழைய கிராமஃபோன் கம்பெனியான சரிகம, 2017-ல் 5,000 பழைய பாட்டுகளை ஏற்றிய ‘காரவான்’ பெட்டியை விற்றது. 2024-ல் பஞ்சாபிப் பாடகர் தில்ஜித் தோசாஞ்ஜின் இந்தியச் சுற்றுப்பயணத்தை நடத்தியவர்களில் அதுவும் ஒன்று. இசைத்தட்டுக் கம்பெனி டிக்கெட் விற்கிறது.

குழுவுக்கும் டிக்கெட்டில்தான் சோறு. திருப்பதி, சித்தூர்க் குழுக்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. வேலூர் வி.ஐ.டி.யின் கல்லூரி விழாவான ரிவியரா சித்தூரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவு. ஐ.ஐ.டி. திருப்பதியின் திருத்சவா விழா திருப்பதிக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் சாரங் விழா மேடையில் 2009-ல் ஸ்வீடனின் ஓபெத் குழுவே வாசித்திருக்கிறது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் நகரி, புத்தூர், பலமனேர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு மொழிக் கூட்டமும் கைக்கெட்டும் தூரம். என்னைக் கேட்டால், முதல் ரீல்ஸுக்குச் செலவழிக்கும் காசை முதல் பத்து மேடைக்கு வேன் வாடகையாகக் கொடுப்பேன்.

மேடையிலும் உரிமை என்று ஒன்று இருக்கிறது. நகரியிலும் காளஹஸ்தியிலும் வளர்ந்த எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கே 2017-ல், கச்சேரிகளில் தான் இசையமைத்த பாட்டுகளை அனுமதியின்றிப் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது நினைவிருக்கும். 2021-ல் மாஜா நிறுவனம் வெளியிட்டு உலகெங்கும் ஓடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’யிலிருந்து தனக்கு வருமானம் வரவில்லை என்று 2024-ல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் பொதுவெளியில் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்பதை அந்த ஒப்பந்தத்தைப் படித்தவர்கள்தான் சொல்ல முடியும். ஆனால் அவ்வளவு பேர் கேட்ட பாட்டுக்கே கணக்குத் தகராறு வருமென்றால், புதியவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

சட்டம் ஓரளவு துணைக்கு இருக்கிறது. 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டப்படி, பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் ராயல்டி உரிமையை லேபிளுக்கு எழுதிக் கொடுக்க முடியாது. வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே கொடுக்கலாம். ஐ.பி.ஆர்.எஸ். என்ற அத்தகைய சங்கத்தில் உறுப்பினராகச் சேராத குழுவுக்கு அந்தப் பணம் வந்து சேர வழியில்லை. உரிமை மாற்றும் ஒப்பந்தத்தில் கால அளவு எழுதவில்லை என்றால் 5 ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். அதனாலேயே பல ஒப்பந்தங்களில் “உலகம் முழுவதும், உரிமை உள்ள காலம் முழுவதும்” என்று முதல் பக்கத்திலேயே இருக்கும். ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு. 20 வயதில் கையெழுத்துப் போட்டால் 80 வயதில் அந்த உரிமையே காலாவதியாகிவிடும்; உங்களிடம் திரும்பி வராது.

“உரிமை உள்ள காலம் முழுவதும்” என்ற வரியை 5 ஆண்டு, 7 ஆண்டு என்று மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்; பேசினால் இறங்கிவரும் லேபிள்கள் இருக்கின்றன. செலவுக் கணக்கைப் பார்க்கும் உரிமையை எழுதி வாங்குங்கள். கச்சேரி வருமானத்தில் பங்கு கேட்டால், கச்சேரியைப் பிடித்துக் கொடுத்தால் மட்டும் பங்கு என்று எழுதச் சொல்லுங்கள். கடைசியாக, யூடியூப் சேனலும் இன்ஸ்டாகிராம் கணக்கும் யார் பெயரில், யார் மின்னஞ்சலில் இருக்கப்போகின்றன என்று பாருங்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் உங்களைத் தேடி வரும் ரசிகர் அந்த வாசலில்தான் வந்து நிற்பார்.