நட்டவர் பலர், நீர் விட்டவர் யார்?

பாழடைந்த கோயில் நந்தவனத்தில் மண்வெட்டியைப் போட்டால் மண் உடனே கிடைத்துவிடாது. முதலில் நைலான் நூல் வரும். வாழைநார் போய் பிளாஸ்டிக் நூலில் மாலை கட்டத் தொடங்கிய நாளிலிருந்து, கழித்துக் கொட்டிய பூவெல்லாம் மக்கிப்போக, நூல் மட்டும் செடிகளின் வேரோடு பின்னிக் கிடக்கிறது. அடுத்து உடைந்த அகல்கள், கற்பூர டப்பாக்கள், அன்னதானத் தட்டுகள், போன திருப்பணியில் மிஞ்சிய ஜல்லி, இறுகிய சிமென்ட் மூட்டை. இத்தனைக்கும் கீழேதான் மண். அங்கேயும் சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் ஏற்கெனவே பட்டா வாங்கியிருக்கும்.

இந்த இடத்தைத் துப்புரவாக்கி மறுபடியும் பூக்க வைப்பதையே வழிபாடாகக் கொண்டவர்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருக்கிறார்கள். உழவாரப் பணிக் குழு என்று பெயர். பெரும்பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேன் பிடித்துப் போய் ஒரு பழைய கோயில். பதிகம் ஒன்றைப் பாடிவிட்டு வேலையில் இறங்கினால் மதியச் சாப்பாடு வரை குனிந்த தலை நிமிர்வதில்லை. விமானத்தில் முளைத்த அரசங்கன்றை எடுப்பார்கள், பிரகாரம் கழுவுவார்கள், எண்ணெய்ப் பிசுக்கேறிய விளக்குகளைத் துலக்குவார்கள். இவற்றுக்கெல்லாம் பலன் அன்று மாலையே கண்ணுக்குத் தெரியும். நந்தவனம் அப்படியல்ல.

கோரையை மேலாகப் பிடுங்கினால் தாள்தான் கையோடு வரும். அடியில் மணி கோத்தாற்போல் தொடரும் கிழங்குகளில் நாலைந்து தங்கினாலும் அடுத்த மழைக்குப் பழையபடி பச்சைப் பாய் விரிந்துவிடும். சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டுவது அதற்குக் கவாத்து செய்வதற்குச் சமம். வேர்க்கட்டையைத் தோண்டி எடுத்தாக வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே பிடுங்க வேண்டும், அதுவும் கையுறையோடு. வெறுங்கையால் தொட்டால் சிலருக்கு வாரக்கணக்கில் தோல் அரிப்பு நிற்காது. இவ்வளவையும் ஒரே ஞாயிறில் முடித்துவிடலாம் என்று நம்பி வருகிறவர்களே அதிகம்.

இந்தத் தொண்டுக்கு முன்னோடி, ஏழாம் நூற்றாண்டின் திருநாவுக்கரசர். எந்தச் சிவன் கோயிலில் பார்த்தாலும் அவர் தோளில் உழவாரம் சாய்ந்திருக்கும். புல் செதுக்கும் அந்தக் கருவியைத் தவிர வேறு அடையாளம் அவருக்குத் தேவைப்படவில்லை. திருப்புகலூரில் அவர் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் வெளிப்பட, பருக்கைக் கல்லோடு சேர்த்து அவற்றையும் வாரிக் குளத்தில் வீசினார் என்கிறது பெரியபுராணம். அதே திருப்புகலூர்தான் முருக நாயனாரின் ஊரும். விடியுமுன் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நான்கு வகைப் பூவும் பறித்து மாலை தொடுத்ததே அவருடைய தொண்டு. மரத்திலும் கொடியிலும் குளத்திலும் தரையிலும் பூ இருந்தால்தான் அந்தக் கூடை நிரம்பும். ஒரு கோயிலைச் சுற்றி எத்தனை வகைச் செடி வளர்ந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வைணவத்தில் நந்தவனம் இன்னும் நடுநாயகம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் பயிரிட்ட நந்தவனத்தின் துளசிப் பாத்தியில்தான் ஆண்டாள் கண்டெடுக்கப்பட்டாள் என்பது ஐதீகம்; அந்த இடம் இன்றும் கோயிலில் வணங்கப்படுகிறது. தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்தில் துளசியும் பூவும் வளர்த்தவர்.

ஆனாலும் தோட்டவேலை எவ்வளவு கடுமையான சாதனை என்பதை உள்ளபடி சொல்வது அனந்தாழ்வான் கதைதான். திருமலையில் தங்கிப் புஷ்ப கைங்கரியம் செய்ய யார் போகிறீர்கள் என்று ராமானுஜர் கேட்டபோது, மலைக்குளிருக்கும் காட்டுக்கும் அஞ்சி மற்றவர்கள் தயங்க, எழுந்தவர் அவர். பூச்செடிக்குத் தண்ணீர் வேண்டுமே என்று மலைமேல் ஓர் ஏரியே வெட்டத் தொடங்கினார். அவர் வெட்ட, கர்ப்பிணியான மனைவி மண் சுமந்தார். (இது எந்த ஊர் நியாயம் என்று இன்றைக்குக் கேட்கத் தோன்றும், கதையிலேயே பெருமாளுக்கும் தோன்றிவிட்டது.) சிறுவன் ஒருவன் வந்து அந்தப் பெண்ணுக்கு உதவ, தன் கைங்கரியத்தில் பங்கு கேட்கிறானே என்று அனந்தாழ்வான் கடப்பாரையை வீச, அது பையன் மோவாயில் பட்டது. சந்நிதியில் போய்ப் பார்த்தால் பெருமாள் மோவாயில் ரத்தம். திருமலை மூலவரின் மோவாயில் பச்சைக் கற்பூரம் சாத்துவதற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள். அந்தக் கடப்பாரை கோயிலின் மகாத்துவாரத்தில் இன்றும் தொங்குகிறது.

கதையைக் கேட்பவர்கள் கடப்பாரையோடு நின்றுவிடுகிறார்கள். கவனிக்க வேண்டியது ஏரி. செடி நடுவதற்கு முன்பே தண்ணீருக்கு வழி தேடியவர் அவர்.

இன்றைய நந்தவன ஆர்வம் சறுக்குவது இங்கேதான். கும்பாபிஷேகத்தை ஒட்டியோ, ஒரு சேவை நாளிலோ ஐம்பது கன்று நடப்படுகிறது. புதுத் துண்டு, புது மண்வெட்டி, வரிசையாக நின்று ஒரு படம். திங்கட்கிழமை காலை அந்தக் கன்றுகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். மோட்டார் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. மாசி வரை மண்ணின் ஈரம் தாங்கும். பங்குனியில் இலை சுருளும். சித்திரையில் குச்சி மட்டும் நிற்கும். பக்கத்தில் உபயதாரர் பெயர்ப்பலகை மட்டும் வாடாமல் இருக்கும்.

சோழர் காலத்தில் தானம் கொடுத்தவர்கள் இந்த விஷயத்தில் விவரமானவர்கள். திருநந்தவனப்புறம் என்று நிலம் விட்ட கல்வெட்டுகள் தமிழகக் கோயில்களில் ஏராளம். நிலத்தின் விளைச்சல் தோட்டத்துக்கு மட்டுமல்ல, தோட்டத்தில் பாடுபடுகிறவரின் சோற்றுக்கும் துணிக்கும் சேர்த்தே ஒதுக்கப்பட்டது. பூவுக்கு மட்டும் பணம் கொடுத்தால் பூ ஒரு பருவத்தோடு முடிந்துவிடும், ஆளுக்கு ஜீவிதம் கொடுத்தால் பூ தொடரும் என்ற கணக்கு அது. பக்தியும் கூலியும் ஒன்றுக்கொன்று ஆகாதவை என்று அவர்கள் நினைக்கவில்லை. இன்று கன்றுக்கு நன்கொடை எளிதாகக் கிடைக்கிறது, தோட்டக்காரர் சம்பளத்துக்கு என்றால் கை சுருங்குகிறது.

நீர் இல்லாத தோட்டத்தில் எது மிஞ்சும்? அரளி. ஆடு மாடு கடிக்காது, வறட்சிக்கு அசராது. பல கோயில்களில் நந்தவனம் என்பது அரளி வரிசையும் ஓரமாக ஒரு நந்தியாவட்டையும் என்று சுருங்கிப்போனதற்குக் காரணம் சாஸ்திரமல்ல, தண்ணீர் பிடிக்க ஆளில்லாததுதான். அரளி நஞ்சு என்பது வேறு சங்கதி. 2024-ல் கேரளத்தில் அதைத் தின்று ஒருவர் இறந்ததாகச் சந்தேகம் எழுந்தபின், அங்கே பல கோயில்களில் நைவேத்தியத்தில் அரளி சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். பவழமல்லி, செண்பகம், மகிழம், மரு, தவனம், திருநீற்றுப்பச்சை எல்லாம் பராமரிப்பு கேட்பவை. பவழமல்லி இரவில் பூத்து விடியலில் உதிரும். தரையில் விழுந்த பூ பூஜைக்கு ஆகாது என்ற விதியில் அதற்கு விலக்கு உண்டு. ஆனால் உதிரும் நேரத்தில் பொறுக்க ஓர் ஆள் அங்கே இருக்க வேண்டும்.

இன்னொரு கூத்தும் நடக்கிறது. சீரமைப்பு என்ற பெயரில் கொரியன் புல்லும் அலங்காரப் பனையும் வைத்து ஓட்டல் முகப்பு போல ஆக்கிவிடுகிறார்கள். அந்தப் புல் குடிக்கும் தண்ணீரில் ஒரு செண்பகத்தையே வளர்த்துவிடலாம். பூஜைக்கு ஒரு இதழ்கூட அதிலிருந்து கிடைக்காது. மிச்ச இடத்தில் கருங்கல் தளம், அதன்மேல் இரு சக்கர வாகனங்கள். வெளியூர்ச் செடி என்பதற்காக எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. சிவன் கோயில்களில் பயபக்தியோடு சுற்றி வரப்படும் நாகலிங்க மரமே தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். பூக்கிறதா, பூஜைக்கு ஆகிறதா என்பதே கேள்வி.

ஒரு நாள் வருகிறவர்களையும் குறை சொல்லக் கூடாது, அந்த ஒரு நாளில்தான் பலருக்கு மண் தொடும் பழக்கமே வருகிறது என்று குழுக்களை நடத்துகிறவர்கள் சொல்வதுண்டு. சரிதான். பழக்கம் வந்தவர் மறுநாள் எங்கே என்பதுதான் செடியின் கேள்வி.

வழி இல்லாமல் இல்லை. அபிஷேகத் தண்ணீர் கோமுகி வழியே சாக்கடைக்குப் போகாமல் பாத்திக்குத் திரும்பினால் தினசரி பாசனத்தில் ஒரு பங்கு முடிந்தது. கழித்த மாலைகளை நூல் நீக்கிக் குழியில் போட்டால் எரு ஆகும். பூக்காரர்களிடம் வாழைநாரில் கட்டித் தரச் சொன்னால் நூல் நீக்கும் வேலையும் மிச்சம். திருமஞ்சனக் கிணற்றைத் தூர் எடுத்த பிறகு கன்று நடலாம். தெருவில் ஏழு வீட்டார் வாரத்துக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டால் போதும். வேன் தேவையில்லை, பதாகை தேவையில்லை. காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர் நாலு குடம் இறைத்தால் இரண்டும் ஆயிற்று.

வடகிழக்குப் பருவமழையை நம்பி ஐப்பசியில் நடத் திட்டமிட்டிருக்கும் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐம்பது கன்று வேண்டாம், ஐந்து போதும். நாற்றங்காலுக்குப் போகும் முன்பே, பங்குனியிலும் சித்திரையிலும் எந்தக் கிழமை யார் தண்ணீர் விடுவார் என்று பெயர் எழுதிக் கோயில் மடப்பள்ளிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.