ஒரே ஓர் எழுத்து மாறினால்…

அரிவாளணு நோய்க்கான மரபுக்கூறு நீலகிரிப் பழங்குடியினரிடம் இருப்பது 1952இல் பதிவானது. இந்நோய் உள்ளவர்களின் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்து விறைத்து, நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ளும். வலி உயிரை எடுக்கும். இத்தனைக்கும் மூலம், மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதுதான். அது எப்படி?

ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் ஆல்ஃபா சங்கிலி இரண்டு, பீட்டா சங்கிலி இரண்டு. பீட்டாவுக்கான மரபணு 11ஆவது குரோமோசோமில் இருக்கிறது. ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் ஆனது அது. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உருவாகும்போது, உட்கருவுக்குள் இந்த மரபணு தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது, டி இருக்க வேண்டிய இடத்தில் யூ வரும். தேவையற்ற பகுதிகள் வெட்டி நீக்கப்பட்ட பிறகு, அந்தப் படி உட்கருவை விட்டு வெளியேறுகிறது.

வெளியே அதைப் படிப்பது ரைபோசோம். மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். ஒவ்வொரு மூன்றுக்கும் உரிய அமினோ அமிலத்தைக் ‘கடத்தி ஆர்.என்.ஏ.’ கொண்டுவர, ரைபோசோம் அவற்றை வரிசையாக இணைக்கும். எழுத்துகளை மூன்றாகச் சேர்க்க 64 வழிகள் உண்டு. அவற்றில் 61 சேர்க்கைகள் அமினோ அமிலங்களைக் குறிக்கும், மற்ற மூன்று ‘இத்துடன் நிறுத்து’ என்று சொல்லும். ரைபோசோமின் அமைப்பை அணு அளவில் விளக்கியதற்காகச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் மூவரும் 2009இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்துக்கான ஜிஏஜி, அரிவாளணு நோயில் ஜியூஜி ஆகிவிடுகிறது. குளூட்டாமிக் அமிலம் வர வேண்டிய இடத்தில் வேலின் வந்து அமர்கிறது. ரைபோசோமுக்குப் பிழை தெரியாது. எழுதியிருப்பதை அப்படியே செய்துமுடிக்கும். வேலின் நீரை விலக்கும் தன்மையுடையது. அதனால், ஆக்சிஜனை இறக்கியதும் ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன, சிவப்பணு வளைகிறது. இந்த ஓர் அமிலத்தின் மாற்றத்தை 1956இல் கண்டறிந்தவர் வெர்னான் இங்கிராம்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்தப் பிழை வந்தால்தான் நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தவர்கள் பெரும்பாலும் நலமாகவே வாழ்வர்.

இந்த அறிவே மருந்துக்கும் விளக்கம் தருகிறது. கருவிலிருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபினில் பீட்டாவுக்குப் பதில் வேறொரு மரபணு தரும் காமா சங்கிலி இருக்கும். அதில் இந்தப் பிழை இல்லை. ஹைட்ராக்சியூரியா மாத்திரை அந்த ஹீமோகுளோபினை மீண்டும் கூட்டுகிறது. 2023இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஒப்புதல் பெற்ற கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சையின் வழியும் இதுவே. ஆனால், அதன் விலை எளியவர்களுக்கு எட்டாது. எளிய இரத்தப் பரிசோதனையும் இந்த மாத்திரையும் மலைக் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் தடையின்றிப் போய்ச் சேர வேண்டும்.